கால் அறுத்த காளான்கள்

சைமா ரௌத்தியோவின் கையில் எப்போதும் சலவை சோடா வாடை அடிக்கும். அமெரிக்காவின் வடக்கே சுப்பீரியர் ஏரிக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் எங்கள் செம்புச் சுரங்க ஊரில், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். டாக்டர்கள் அவளை "லாண்டரி" என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் பெயர் சட்டையில் பெரிதாகத் தைத்திருக்கும். அதைப் படிக்க நேரமில்லை, பாவம், பெரிய மனிதர்கள்.

செப்டம்பர் பிறந்தால் எங்கள் ஊரில் எல்லோரும் கூடையும் கத்தியுமாகக் காட்டுக்குப் போவோம். மற்றவர்களுக்குச் சூப்பில் போட ஏதாவது கிடைத்தால் சரி. சைமாவுக்கு மட்டும், இது என்ன, இதன் பக்கத்தில் நிற்பது ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்ற குடைச்சல். நூலகத்தில் இருந்த ஒரே காளான் புத்தகத்தை அவள்தான் திரும்பத் திரும்ப எடுத்து அட்டை கிழித்தாள். பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட மைக்ராஸ்கோப் ஒன்றைத் தூக்கிவந்து சமையலறை மேஜையில் வைத்தாள். அன்றிலிருந்து அவள் கணவன் வைனோ அடுப்புப் பக்கம் நின்றுதான் சாப்பிட்டான்.

மண்ணுக்கு மேலே நாம் பார்க்கும் குடை வெறும் காய்ப்பு என்பதும், உண்மையான உடம்பு மண்ணுக்குள் வெள்ளை நூல் நூலாக ஓடிக்கிடக்கிறது என்பதும் அவளுக்கு அந்த மேஜையில்தான் விளங்கின. பாதி கறுப்பு, பாதி வெள்ளையாக ஒட்டிய காகிதத்தில் குடையைக் கவிழ்த்து வைப்பாள். சில மணி நேரத்தில் குடைக்கு அடியிலுள்ள இதழ்களிலிருந்து வித்துத்தூள் உதிர்ந்து படிந்திருக்கும். வெள்ளைத் தூள் கறுப்பில் தெரியும், கருந்தூள் வெள்ளையில் தெரியும். எந்தக் குடும்பம் என்று சொல்ல முதல் துப்பு அந்த நிறம்தான். பிறகு மைக்ராஸ்கோப். வித்து உருண்டையா, பாதாம்பருப்பு வடிவமா, வழவழப்பா, சொரசொரப்பா என்று நோட்டில் வரைந்துவைப்பாள்.

சலவைக்கூடத்தில் அவளோடு போர்வை பிழிந்த எல்விக்கு இதெல்லாம் சாப்பாட்டு நேரத்துப் பொழுதுபோக்கு.

"ஒரு வித்து முளைச்சா நூலு மட்டும்தான் விடும். தனியா எவ்வளவு தூரம் ஓடினாலும் குடை வராது. ஒத்துப்போற இன்னொரு நூலை மண்ணுக்குள்ள சந்திக்கணும். ரெண்டும் சேந்தாத்தான் காளான்."

"அட, இதுங்களுக்கும் கல்யாணமா? மாப்பிள்ளை எது, பொண்ணு எது?"

"அப்படி ரெண்டே ரெண்டு வகை இல்லடி. சில காளானுல ஆயிரக்கணக்குல வகை இருக்காம்."

"ஆயிரமா! எனக்கு வாய்ச்சது ஒண்ணே ஒண்ணு. அதுவும் பீர் கடையே கதின்னு கெடக்கு."

சைமா முதன்முதலில் அந்தக் காளானைப் பார்த்தது 1957இல், பழைய சுரங்கத்துக்குப் பின்னால், பிர்ச் மரங்கள் நெருங்கி நிற்கும் மணல் மேட்டில். வெளிறிய குடை, தண்டில் செம்பு நிறத்தில் ஒரு வளையம். முகர்ந்தால் வியர்த்த கைக்குள் வைத்திருந்த காசின் வாடை. தூள் துருப்பிடித்த பழுப்பு. புத்தகத்தில் தேடினாள், இல்லை. வேறு புத்தகம் வரவழைத்துத் தேடினாள், அதிலும் இல்லை. அடுத்த வருஷமும் அதே இடத்தில் வந்தது, அதற்கடுத்த வருஷமும். பத்தொன்பது வருஷம் அவள் அதைப் பறித்தாள். சனிக்கிழமை, பின்லாந்து வழக்கப்படி சவுனா என்னும் நீராவிக் குளியல் முடிந்து அறை ஆறிவரும்போது, அந்த மிச்சச் சூட்டில் கம்பிவலை மேல் பரப்பி உலர்த்துவாள். தேதி, மரம், வாடை, தூளின் நிறம் எல்லாம் எழுதிப் பழுப்புக் காகிதத்தில் மடிப்பாள். இருநூறு பொட்டலத்துக்கு மேல் சேர்ந்துவிட்டன.

அவளுக்கு ஒரு ஆசை இருந்தது. புதிய காளானை முதலில் விவரித்து அச்சிலேற்றுகிறவரின் பெயரை அந்தக் காளானின் லத்தீன் பெயருக்குப் பின்னால் எழுதுவார்கள். எந்த நாட்டுப் புத்தகமானாலும், எத்தனை காலமானாலும் அது இருக்கும். அங்கே 'ரௌத்தியோ' என்று இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். எவன் வீட்டுச் சொத்தையும் அவள் கேட்கவில்லையே!

விவரணையை லத்தீனில்தான் எழுத வேண்டும் என்பது அப்போது சட்டம். சர்ச் பாதிரியார் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து எழுதிக்கொடுத்தார். "வேதத்துல காளானே இல்லம்மா, வார்த்தைக்கு நான் எங்க போவேன்?" என்று புலம்பிக்கொண்டே எழுதினார், நல்ல மனுஷன். சைமா அதோடு ஒரு கடிதத்தையும் சேர்த்து, தெற்கே பல்கலைக்கழகத்தில் இருந்த பேராசிரியர் ஹாலிஸ்டருக்கு அனுப்பினாள். அடுத்த செப்டம்பரில் அவரே காரில் வந்து இறங்கினார்.

சைமா காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் எடுத்து வைத்தாள். அவர் ரொட்டியைத் தொடவில்லை. பொட்டலங்களைப் பிரித்தார். ஒன்று, ஐந்து, இருபது. பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஸஸ் ரௌத்தியோ, இதோட அடி எங்க?"

"அடியா?"

"தண்டோட அடிப்பாகம். எல்லாத்தையும் கத்தியால அறுத்திருக்கீங்க."

அறுத்துத்தான் இருந்தாள். எங்கள் ஊரில் எல்லோரும் அறுக்கிறவர்கள்தான். பிடுங்கினால் உள்ளே இருக்கும் நூல் அறுந்துபோகும், அடுத்த வருஷம் காய்க்காது, கூடையெல்லாம் மண்ணாகும் என்று நடக்கத் தெரிந்த நாளிலேயே சொல்லிவைத்துவிடுவோம். தரையோடு ஒட்டி ஒரே வெட்டு. காளானைப் பிடுங்குகிறவனைக் காட்டில் கண்டால் கூடையைப் பறித்துக் கவிழ்ப்போம். பெயர் தெரியாத காளானை அடியோடு தோண்டி எடு என்று அவள் புத்தகத்திலேயே போட்டிருந்தது. நூறு தடவை படித்திருப்பாள். ஆனால் காட்டுக்குள் கால் வைத்ததும் கை கத்தியைத்தான் எடுத்தது. சைமாவை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அவள் மண்டையில் ஒன்று போடலாம் போலிருக்கும். வருஷத்துக்கு ஒன்று, ஒரே ஒன்று தோண்டியிருக்கக் கூடாதா?

"கால் இல்லாம இது எந்தக் குடும்பம்னே உறுதியாச் சொல்ல முடியாது," என்றார் பேராசிரியர். "புதுப் பேருக்குச் சாட்சியா அலமாரியில வைக்கிற மாதிரிக்கு இது லாயக்கில்லம்மா. மன்னிக்கணும், இதெல்லாம் வெறும் குப்பை. அந்த இடத்தைக் காட்டுறீங்களா?"

காட்டினாள். காட்டாமல் இருக்க அவளுக்குத் தெரியவில்லை. அவர் மண்வெட்டியால் ஒரு காளானைச் சுற்றித் தோண்டினார். தண்டு முடியவில்லை. மெலிந்து வேர் போல இறங்கிக்கொண்டே போனது. ஒன்றரை முழ ஆழத்தில் அகழெலி விட்டுப்போன வளையும், அந்த எலி காலமெல்லாம் புழுக்கை போட்டு நிரப்பிய கழிப்பிடமும் இருந்தன. காளான் அதைத் தின்றுதான் எழுந்திருந்தது.

"அருமை! அருமை!" என்று பேராசிரியர் குழந்தை மாதிரி கத்தினார். எலிக்கூட்டை மண்ணோடு பெயர்த்துப் பெட்டியில் வைத்துக் கட்டினார். மேட்டில் நின்ற பதினோரு காளான்களையும் வேரோடு எடுத்துக்கொண்டார். சைமா பக்கத்தில் நின்று அவருக்கு விளக்குப் பிடிக்கிறவள் மாதிரி பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். வீடு திரும்பியதும் வைனோ, "என்ன சொன்னான் துரை?" என்று கேட்டான். "எலிப் பீ ரொம்பப் பிடிச்சிருக்கு அவருக்கு," என்று மட்டும் சொன்னாள்.

பிப்ரவரியில் தபாலில் கட்டுரை வந்தது. காளானுக்குத் தனக்குப் பாடம் சொன்னவரின் பெயரை வைத்திருந்தார் ஹாலிஸ்டர். அதன் பின்னால் ஹாலிஸ்டர் என்றே இருந்தது. லத்தீன் விவரணையில் பாதிக்கு மேல் பாதிரியாருடைய வாக்கியங்கள். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், இடத்தைக் காட்டிய உள்ளூர்ப் பெண்மணிக்கு நன்றி.

சைமா அதை இரண்டு தடவை படித்தாள். அது சனிக்கிழமை. சவுனா அடுப்பை மூட்டினாள். பொட்டலங்கள் எல்லாவற்றையும் கூடை கூடையாகக் கொண்டுவந்து அடுப்பில் போட்டாள். வரைந்த நோட்டுகளையும் போட்டாள். வைனோ துண்டைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று பார்த்தான்.

"ஏய், அதையும் ஏன்டி போடுற? இருந்துட்டுப் போகட்டுமே."

"குப்பைதானே கிழவா. உள்ள வா, சூடு போயிடும்."

அன்றைக்கு அவள் அழவில்லை. முதுகு சிவக்கச் சிவக்க உட்கார்ந்திருந்தாள். வசந்தத்தில் வைனோ அடுப்புச் சாம்பலை அள்ளி உருளைக்கிழங்குப் பாத்தியில் கொட்டினான்.

செப்டம்பரில் சைமா மண்வெட்டியோடு மணல் மேட்டுக்குப் போனாள். காளான் வரவில்லை. வாரா வாரம் போய்ப் பார்த்தாள். தின்ன வைத்திருந்ததைப் பேராசிரியர் பெட்டியில் கட்டிக்கொண்டு போய்விட்டாரே, எதைத் தின்று வரும்? சுற்றுவட்டாரத்தில் பிர்ச் நிற்கும் இடமெல்லாம் தேடினாள். எங்குமே இல்லை.

அக்டோபர் கடைசியில் ஹாலிஸ்டரிடமிருந்து கடிதம் வந்தது. ரொம்ப மரியாதையான கடிதம். பல்கலைக்கழக அலமாரியில் வண்டு புகுந்துவிட்டதாம். பதினோரு காளானும் பொடிப்பொடியாகிவிட்டன. மாதிரி இல்லாமல் பெயர் மட்டும் அந்தரத்தில் தொங்குகிறது. தங்களிடம் இருக்கும் பத்தொன்பது வருஷச் சேகரிப்பு இப்போது விலைமதிப்பற்றது. அடிப்பாகம் இல்லாவிட்டாலும் குடையும் இதழும் வித்தும் இருக்கின்றன, அவையே போதும். தயவுசெய்து அனைத்தையும் அனுப்பிவையுங்கள். மறு கட்டுரையில் தங்கள் பெயரும் ஆசிரியராக இடம்பெறும்.

சைமா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். வைனோவுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அந்தப் படுபாவி சொன்னதாலதானே எரிச்ச. விடு," என்றான்.

"அவர் எரிக்கச் சொல்லலையே. நான்தான் எரிச்சேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பத்தொம்பது வருஷம் என் கண்ணால பாத்தேன். அரை மணி நேரம் பாத்தவர் குப்பைன்னாரு. உடனே நம்பிட்டேன். என்ன பொம்பளை நான்!"

வைனோ அலமாரியைத் திறந்தான். காகிதமும் பேனாவும் எடுத்து அவள் முன்னால் வைத்தான். "நல்லா நாலு கெட்ட வார்த்தை போட்டு எழுது," என்றான்.

சைமா கெட்ட வார்த்தை எதையும் போடவில்லை. முத்து முத்தான எழுத்தில் எழுதினாள்.

"மதிப்புக்குரிய டாக்டர் ஹாலிஸ்டருக்கு, தாங்கள் குப்பை என்று சொன்ன பொட்டலங்கள் முழுவதையும் சென்ற பிப்ரவரியில் அடுப்பில் போட்டுவிட்டேன். சாம்பலை உருளைக்கிழங்குப் பாத்திக்குப் போட்டோம். இந்த வருஷம் கிழங்கு நன்றாக விளைந்திருக்கிறது. தேவைப்பட்டால் எழுதுங்கள், ஒரு மூட்டை அனுப்பிவைக்கிறேன்."