கோப்பிக்கொட்டையைக் கடித்துப் பார்த்தவர்

கண்டியில் ஒரு கோப்பி ஸ்டோரின் வாசலில் அவரைப் பார்த்தேன். விளைச்சல் செய்தி எழுதப் பத்திரிகை என்னை அனுப்பியிருந்தது. மெலிந்த உடல், அழுக்கில்லாத தலைப்பாகை, உறுதியான பற்கள். தோட்டங்களிலிருந்து வண்டியில் வரும் மூட்டைகளைச் சோதிப்பது அவருக்குப் புது வேலை. ஒரு கொட்டையை எடுத்து முன்பல்லால் கடிப்பார். உடைந்தால் காய்ந்தது, நசுங்கினால் ஈரம்.

அன்று புசல்லாவைத் தோட்டத்திலிருந்து, கூலியாட்களைக் கூட்டிவந்து வேலை வாங்கும் கங்காணி ஒருவர் மூட்டைகளோடு வந்தார். இவர் ஒரு கொட்டையைக் கடித்தார்.

"ஈரம். திருப்பிக் கொண்டு போங்க."

"இது மூணாந்தடவை. தோட்டத்துத் தொரை என்னைய வேலையவிட்டே தூக்கிருவாரு," என்றார் கங்காணி.

"அப்ப நல்லாக் காயவச்சிருக்கணும்."

வண்டி திரும்பியது. கீழே சிந்திய கொட்டையை நான் கடித்தேன். படக்கென்று உடைந்தது.

"இது காஞ்சுதானே இருக்கு?"

"காஞ்சுதான் இருக்குங்க ஐயா," என்றார் அமைதியாக. "இந்தியாவுலருந்து தோணியில வந்து, மன்னார்ல எறங்கி தோட்டத்துக்கு நடந்து வாறப்ப என் தம்பிக்குப் பேதி. உசுரு இருக்கையிலேயே அவன காட்டுல போட்டுட்டு, எங்கள அடிச்சு நடத்துனவரு இந்தக் கங்காணிதான். ரொட்டிக்கடைக்கும் என்னையக் கூப்பிட்டாங்க, வண்டி ஓட்டவும் கூப்பிட்டாங்க. அங்கெல்லாம் இவரு வந்து நிக்கமாட்டாரே."

அடுத்த வாரம் கங்காணி வேலை இழந்து, அதே ஸ்டோருக்கு மூட்டை தூக்க வந்தார். சேர்த்துக்கொள்ளச் சொன்னவர் இவர்தான்.

"குனிஞ்சு வாங்கிக்கங்க கங்காணி. நாலு நாள்ல பழகிரும்."

கங்காணிக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அவரும் தான் யாரென்று கடைசிவரை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்றும் யோசிக்கிறேன்.