மார்லிஸ் காலியாக விட்ட கட்டம்

மார்லிஸ் ஹெக்ஸ்டாடைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் ஒரு வார்த்தை கெட்டதாகச் சொல்ல மாட்டார்கள். அந்தக் குறையை நான் தீர்த்துவைக்கிறேன்.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு விளையும் வயல்களுக்கு நடுவே பிறந்தவள். ஐந்து பிள்ளைகளில் மூத்தவள். பதினோராம் வகுப்போடு பள்ளியை விட்டவள், பிறகு தனியாகத் தேர்வெழுதித் தேறி என்னோடு ராணுவத்தில் சேர்ந்தாள். ஈராக்கில் அவள் எரிபொருள் லாரி ஓட்டினாள், நான் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொண்டேன். பணியில் சேர்ந்த பதினான்காம் மாதம் ஒரு பெட்டி சரிந்து என் தோள் உடைந்தது. டிசம்பரில் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மார்லிஸ் மூன்று வருடம் முழுசாக முடித்துக்கொண்டு ஒரு கீறல் இல்லாமல் வந்தாள். கலியாணம் செய்தாள், அவன் ஓடிப்போனான், அதற்கும் சிரித்தாள். இலையுதிர் காலத்தில் கிழங்கு லாரி, பனிக்காலத்தில் சாலையில் பனி தள்ளும் வண்டி. முன்னாள் படைவீரர் மன்றத்தில் வெள்ளிக்கிழமை தோறும் இறைச்சியைப் பரிசாக வைத்துச் சீட்டுக் குலுக்கல் நடக்கும். அதிலும் பன்றிக்கறித் தட்டு அவளுக்குத்தான் விழும். எனக்கு வயிறு எரியும். எங்களுக்குள் அவ்வளவுதான் உறவு என்று சொன்னால் பொய். அவளை விட்டால் எனக்கும் வேறு சிநேகிதி கிடையாது.

படித்தவள் என்று பெயர் எடுத்தது நான். என் மேஜை இழுப்பறையில் பதினொரு கல்லூரிகளின் விவரப் புத்தகங்கள் இருந்தன, ஓரமெல்லாம் பென்சில் குறிப்போடு. படைவீரர்களுக்கு அரசாங்கம் தரும் படிப்பு உதவிக்கு விண்ணப்பிக்கவில்லையா என்று கேட்டால், முதலில் கல்லூரி முடிவாகட்டும் என்பேன். வருடக்கணக்கில் அதையே சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. விண்ணப்பித்தால் ஒரு கடிதம் வரும். எவ்வளவு நாள் பணியில் இருந்தோமோ அதற்கேற்ப இத்தனை சதவீதம் உதவி என்று அதில் அச்சாகியிருக்கும். என் பதினான்கு மாதத்துக்கு அறுபதுதான் என்று நானே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். மார்லிஸுக்கு நூறு. அந்த இரண்டு தாளும் ஒரே மேஜையில் கிடப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மாவட்டப் படைவீரர் அலுவலர் ஆர்லன் ட்வெய்ட் குலுக்கலுக்கு முன்னால் எழுந்து நின்று பேசினார். எங்கள் காலத்தில் வெளியே வந்தவர்களுக்கு, வந்த நாளிலிருந்து பதினைந்து வருடம்தான் கெடு. கல்லூரி தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள், முதலில் விண்ணப்பியுங்கள், கல்லூரிப் பெயர் கேட்கும் கட்டத்தைக் காலியாக விடலாம் என்றார்.

மார்லிஸ் என்னை முழங்கையால் இடித்தாள். "வர்ற திங்கக்கிழமையே ரெண்டு பேரும் போட்டுடலாம்டி."

"எதைப் படிக்கிறதுன்னே தெரியாம அப்ளை பண்ணினா சிரிப்பாங்க," என்றேன்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அவள் போய் இருபது நிமிடத்தில் எழுதிப் போட்டுவிட்டு வந்தாள். ஏப்ரலில், எத்தனை மாதப் படிப்புக்கு எவ்வளவு உதவி என்ற கடிதம் வந்தது. முப்பத்தாறு மாதம், நூறு சதவீதம். மசகு படக்கூடாது என்று பிளாஸ்டிக் உறையில் போட்டு மன்றத்துக்கு எடுத்து வந்தாள். ஆளாளுக்கு பீர் வாங்கிக் கொடுத்தார்கள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உனக்குத்தான் எல்லாக் கல்லூரியும் அத்துப்படியாயிற்றே, எனக்கு ஒன்று சொல்லேன் என்று கேட்டாள். அந்தப் பதினொரு புத்தகங்களும் என் வீட்டில் இருந்தன. எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைக்க எனக்கு வரவில்லை.

அவளே நாலு இடத்துக்குப் போன் போட்டு, டீசல் இன்ஜின் படிப்பைக் கண்டுபிடித்து ஆகஸ்டில் சேர்ந்தாள். முப்பத்தொன்பது வயதில், முதுகில் பை மாட்டிக்கொண்டு. வகுப்பில் நடந்ததையெல்லாம் என்னிடம் வந்து ஒப்பிப்பாள். பத்தொன்பது வயதுப் பையன்கள் அவளை அக்கா என்கிறார்களாம், வாத்தியாருக்கே தெரியாத வால்வு ஒன்றை இவள் கண்டுபிடித்துக் கொடுத்தாளாம். இரண்டு வாரம் கேட்டேன். மூன்றாம் வாரம் தாங்க முடியாமல் நானும் விண்ணப்பித்தேன். கெடு முடிய டிசம்பர் வரை இருக்கிறது, அதற்குள் எழுதிப் போட்டால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

செப்டம்பர் கடைசியில் கடிதம் வந்தது. முப்பத்தாறு மாதம், நூறு சதவீதம். கண்ணை நம்பாமல் ட்வெய்டுக்குப் போன் செய்தேன். பணியில் காயப்பட்டு அனுப்பப்பட்டவர்களுக்கு நாள் கணக்குக் கிடையாது, முழுசாகத்தான் கொடுப்பார்கள் என்றார். அடுத்த வரியையும் படித்தாயா என்று மெதுவாகக் கேட்டார். டிசம்பர் ஒன்பதுக்குள் பயன்படுத்த வேண்டும் என்றிருந்தது. விண்ணப்பிக்க மட்டுமல்ல, படித்து முடிக்கவும் அந்தத் தேதிதான் கெடு. கல்லூரிகளில் வகுப்பு தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. இனி யாரும் சேர்க்க மாட்டார்கள். அடுத்த சேர்க்கை ஜனவரியில், அதற்குள் இந்தக் கடிதம் செல்லாக்காசு.

பதினைந்து வருடமாக எனக்கும் நூறு. அவளுக்குக் கிடைப்பதற்கு இரண்டு வருடம் முன்பே எனக்குக் கிடைத்த நூறு.

வெள்ளிக்கிழமை மன்றத்தில் என் கோட்டுப் பையில் அந்த உறை எட்டிப் பார்ப்பதை மார்லிஸ் கண்டுவிட்டாள்.

"வந்துடுச்சா? எவ்வளவுடி?"

உண்மையைச் சொன்னால் தேதியையும் சொல்ல வேண்டும். பதினொரு புத்தகத்தை வைத்துக்கொண்டு பதினைந்து வருடம் தூங்கிவிட்டாளே என்று அவள் எனக்காக வருத்தப்படுவாள். அவள் வருத்தப்படுவதை மட்டும் என்னால் தாங்க முடியாது. உறையை உள்ளே தள்ளினேன்.

"அறுபது."

"அறுபது போதாதா உனக்கு? மூளை இருக்குல்ல," என்று தோளில் தட்டினாள், உடைந்த தோளில். ஜனவரியில் நானும் சேர்ந்துவிட வேண்டும், தனியாகப் போய் வருவது அவளுக்கும் அலுப்பாக இருக்கிறது, அவள் வண்டியிலேயே போய்விடலாம் என்றாள். காலையில் எத்தனை மணிக்கு வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடிக்கட்டும் என்று கேட்டாள்.

ஆறரைக்கு வா என்றேன்.