கேட்டால் அழுத்துங்கள்

காது பரிசோதிக்கிறவரே காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால் சிரிப்பு வராதா? அவர் தினமும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். மதியச் சாப்பாடு முடிந்ததும் மருத்துவமனையின் ஒலி புகாத சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார். கட்டைவிரல்களால் காதை அடைத்துக்கொண்டு, கண்ணை மூடி, உள்ளே நாதம் கேட்கிறதா என்று தேடுவார்.

மனைவி இறந்துபோன பிறகு பிடித்துக்கொண்ட பழக்கம் அது. "மனசு அடங்கினா உள்ளே ஒரு சத்தம் கேக்கும். எதுவும் மோதாம தானா வர்ற சத்தம். அதைப் பிடிச்சுக்கிட்டே போனா, கேக்குறது யாருன்னு தெரியும்" என்று யோகா வகுப்பு அம்மாள் சொல்லியிருந்தார். வருடக்கணக்காக உட்கார்ந்தும் தன் வயிறு இரைவது மட்டும்தான் கேட்டது.

போன மழைக்காலத்தில் ஒருநாள் அது வந்தேவிட்டது. சன்னமாக, அறுபடாமல், வண்டு ரீங்கரிப்பது போல. மனுஷன் தேம்பி அழுதுவிட்டார். வெறும் வீட்டுக்குள் இனி தான் தனியாள் இல்லை என்ற நினைப்பு. அன்றிலிருந்து அந்தச் சத்தத்தைப் பொத்திப் பொத்தி வளர்த்தார். தியானம் கலைகிறது என்று சொல்லி அக்கா வீட்டுக்குப் போவதையும் நிறுத்தினார். அக்காவுக்கு வெண்கலத் தொண்டை. கூடத்தில் பேசினால் தெருவில் போகிறவர் பதில் சொல்வார். "மெதுவா பேசேன்க்கா" என்று சின்ன வயதிலிருந்து சொல்லி அவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அந்த அக்கா ஒருநாள் அவரைத் தேடி வந்து, வாசல் மணியை அடித்து அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் அவருக்கே தெரியும். மணிகூடக் காதில் விழாத அளவுக்குத் தியானம் கைகூடிவிட்டதே என்று உள்ளூரப் பூரித்தார். இத்தனைக்கும், காது மங்கும்போது முதலில் போவது மணிச் சத்தம்தான் என்று அடுத்தவர்களுக்கு விளக்குவது அவர் வேலை.

சோதனையில் அவர் கையாளும் ஒரு தந்திரம் உண்டு. காதில் மாட்டிவிடும் ஹெட்போனில் சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். நடுவே சத்தமே அனுப்பாமல் கொஞ்ச நேரம் சும்மா விடுவார். காது போய்விட்டதென்று ஒப்புக்கொள்ள மனசில்லாத கௌரவக்காரர்கள் அப்போதும் அழுத்துவார்கள். "நான் அனுப்பாததெல்லாம் அவருக்குக் கேக்குதும்மா" என்று கூட வேலை செய்யும் பெண்ணிடம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சோதனை இயந்திரத்தைப் பழுது பார்த்து வைத்த அன்று, சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க யாராவது உள்ளே உட்கார வேண்டியிருந்தது. அவர் உட்கார்ந்தார். கேட்டது, அழுத்தினார். மறுபடி கேட்டது, அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் இயந்திரத்தை விட்டு எழுந்து கதவைத் திறந்தாள்.

"சும்மா விட்ட இடத்துல எல்லாம் அழுத்துறீங்க சார். சன்னமான சத்தம் எவ்வளவோ அனுப்பினேன், ஒண்ணுக்குக்கூட அழுத்தல."

"மெஷின்ல கோளாறா இருக்கும்மா."

"இப்பத்தான் நான் உக்காந்து பார்த்தேன், நல்லா இருக்கு." பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "காதுல இரைச்சல் ஏதாவது இருக்கா சார்?"

எத்தனையோ பேரிடம் அவர் அதே தணிந்த குரலில் கேட்ட கேள்வி. ஆமென்று தலையாட்டினார்.

சாயங்காலம் வீட்டில் வழக்கம்போல உட்கார்ந்தார். சத்தம் இருந்தது. இன்று அதைப் பிடிக்கவும் தோன்றவில்லை, விரட்டவும் தோன்றவில்லை. அது பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. அன்று பூரித்ததையும் இன்று வெட்கிக் கிடப்பதையும் சேர்த்துப் பார்த்தபடி, இரண்டிலும் ஒட்டாமல் உள்ளே ஏதோ ஒன்று சும்மா இருந்தது. அதற்குச் சத்தமே இல்லை. அந்த அம்மாள் சொன்னது இதைத்தானோ என்னவோ. ஆனால் ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் பொய். கண்ணைத் திறந்தபோது வீடு வெறிச்சோடிக் கிடந்தது, தாங்க முடியவில்லை.

அக்காவுக்குப் போன் செய்தார். மறுமுனையில் அவள் குசுகுசுவென்று என்னவோ சொன்னாள். தம்பியின் தியானம் கலைந்துவிடுமோ என்று அந்த வெண்கலத் தொண்டையை அடக்கிக்கொண்டு பேசுகிறாள் என்பது அவருக்குப் புரிந்தது. ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை.

"அக்கா, கொஞ்சம் சத்தமா பேசேன்."

"என்னடா சொல்ற?"

"எவ்வளவு சத்தமா முடியுமோ, அவ்வளவு சத்தமா பேசுக்கா."