லினக்ஸில் திறந்த ஹோட்டல்

மண்ணூரில் நாங்கள் மூன்று பெண்கள் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். மூவருக்கும் ஒரே கம்பெனி, செல்போன் பாகங்களைச் சேர்த்துப் பூட்டுகிற லைன். கல்லூரியில் அரசு கொடுத்த இலவச லேப்டாப் என்னிடம் இருந்தது. அதை இயக்க விண்டோஸும் உண்டு, லினக்ஸும் உண்டு. ஒரு ஸ்டுடியோக்காரன் பென் டிரைவில் போட்டோவோடு வைரஸையும் ஏற்றிக் கொடுத்தான்; விண்டோஸ் படுத்துவிட்டது. லினக்ஸ் மட்டும் எனக்கென்ன என்று ஓடிக்கொண்டிருந்தது.

இடி விழுந்தது அக்காவுக்குத்தான். எங்கள் மூவரில் மூத்தவள், தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, பழைய விண்டோஸ் கேம் ஒன்றுக்கு அடிமை. ஹோட்டல் நடத்துகிற கேம் அது. ஆர்டர் எடுத்துத் தட்டைக் கொண்டு வைக்க வேண்டும். தாமதித்தால் சாப்பிட வந்தவர் முகம் சிவந்து எழுந்து போய்விடுவார். பகலெல்லாம் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிற அக்கா அதில் முதலாளி. தள்ளுவண்டியில் ஆரம்பித்தால் கடைசியில் கடற்கரையில் பெரிய ஹோட்டல் திறக்கும். அந்த ஒன்றை மட்டும் அவள் இன்னும் பார்க்கவில்லை. அதற்குள் கல்யாணம் நிச்சயமாகி, வேலையை விடுவதாகவும் எழுதிக் கொடுத்துவிட்டாள். அடுத்த மாதம் ஊருக்கு.

"மாமியா வீட்ல மருமவ கேம் விளையாண்டா சும்மா விடுவாவளா? போறதுக்குள்ள எப்படியாச்சும் அத ஓட வச்சுக் கொடுட்டி," என்றாள்.

விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்ட ஒரு மென்பொருள் உண்டு. கேம் கேட்கும்போதெல்லாம் 'நான் விண்டோஸ்தான்' என்று கூசாமல் பொய் சொல்லும். நெட் டாங்கிளுக்கு ரீசார்ஜ் பண்ணி அதை இறக்கினேன். சிடியைப் போட்டால், சிடியைப் போடு என்றது. போட்டுத்தானே இருக்கிறேன் சனியனே என்று நான் திட்டியதில் வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அதைச் சரிக்கட்டினால் சத்தம் வந்தது, படம் வரவில்லை. படம் வந்தபோது சாப்பிட வந்தவர்களுக்குத் தலை இல்லை. தலையில்லாதவன் கோபமாக இருக்கிறானா என்று எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது?

"நம்ம சூப்பர்வைசருக்குத் தலை இருந்து மட்டும் என்னத்தக் கண்டோம்," என்றாள் அக்கா.

செட்டிங்கில் விண்டோஸ் 98 என்று மாற்றியதும் தலைகள் முளைத்தன. அன்று எனக்கு வந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. அக்கா மறுபடி தள்ளுவண்டியிலிருந்து ஆரம்பித்தாள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் லேப்டாப்தான். கிளம்ப வேண்டிய வாரத்தில், கடற்கரைக்கு முந்தின கடைவரை வந்துவிட்டாள்.

மூன்றாமவள் செய்யாற்றுப் பெண். ஃபைவ் எஸ் போட்டியில் பரிசு வாங்கியவள். வேலை செய்கிற இடத்தில் வேண்டாததை எடு, மிச்சத்தை ஒழுங்காக வை, துடை என்று கம்பெனி சொல்லிக் கொடுக்கிற முறை அது. நாங்கள் அதைக் கம்பெனி கேட்டிலேயே விட்டுவிட்டு வருவோம். அவள் வீட்டுக்கும் கொண்டுவருவாள். எங்கள் அறையில் பக்கெட் வைக்கிற இடத்துக்கும் மஞ்சள் கோடு உண்டு. அந்த வெள்ளிக்கிழமை, அக்காவின் கல்யாணச் சேலை போட்டோக்களை ஏற்ற இடம் வேண்டுமென்று லேப்டாப்புக்கும் ஃபைவ் எஸ் செய்திருக்கிறாள். மறைந்திருக்கிற ஃபோல்டர்களையும் விடவில்லை. பீரோவுக்குப் பின்னாலும் பெருக்க வேண்டும் என்பது அவள் கொள்கை. அங்கே சி டிரைவ் என்று ஒன்று கிடந்திருக்கிறது.

"நம்மகிட்டதான் விண்டோஸே இல்லியேக்கா, அப்புறம் சி டிரைவு இன்னாத்துக்கு? தூக்கிட்டேன். குப்பையும் காலி பண்ணிட்டேன்," என்றாள், இன்னொரு பரிசை எதிர்பார்க்கிற முகத்தோடு.

கேமை ஏமாற்றக் கட்டிய பொய் விண்டோஸ் முழுக்க அதற்குள்தான் இருந்தது. கேம், அக்கா திறந்த கடைகள், எல்லாம் போச்சு. "உன்னைத்தான்டி முதல்ல தூக்கணும்" என்று கத்தினேன். அவள் அழ ஆரம்பித்தாள். அக்கா பெட்டியில் துணி அடுக்கப் போனாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சிடியை எடுத்து மறுபடி ஏற்றினேன். இந்தத் தடவை எங்கே இடறும் என்று தெரிந்திருந்ததால் சீக்கிரம் முடிந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அக்கா ஊருக்கு பஸ் ஏறுவதற்குள் கடற்கரை போய்ச் சேர வேண்டுமே. அழுதவள்தான் மூக்கைத் துடைத்துக்கொண்டு வழி சொன்னாள்: "லைன் மாதிரி பிரிச்சிக்கலாம்க்கா. நான் ஆர்டர் பாத்து சொல்றேன். நீ கீபோர்டு, அக்கா மவுஸு."

சனியும் ஞாயிறும் அப்படியே உட்கார்ந்தோம். "மூணாவது டேபிள் சூடாவுது" என்று அவள் கூவ, நான் தட்ட, அக்கா பரிமாறினாள். சோறு மட்டும் வடித்தோம். குழம்பு கொண்டுவந்த வீட்டுக்கார அம்மா, "கல்யாணப் பொண்ணு கடை போட்டுக்கினு கீது," என்று சிரித்தார்.

ஞாயிறு மத்தியானம் கடற்கரை ஹோட்டல் திறந்தது. லினக்ஸுக்குக் கடல் வரையத் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரே கறுப்பு. நான் செட்டிங்கைத் திறக்கப் போனேன்.

"விடுட்டி. கடல் நான் பாக்காததா? கடை தெரியுதுல்லா," என்றாள் அக்கா.

அந்தக் கடையை அவள் தனியாகவே நடத்தினாள். ஒருவர்கூடக் கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை. முடிந்ததும், பெயர்ப் பலகையில் போட முதலாளியின் பெயரைக் கேட்டது கேம். அக்கா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு யோசித்தாள்.

"இனிஷியல் எதட்டி போட? அப்பாவோடதா, அவுகளோடதா?"

"உன் கடைதானேக்கா. உன் இஷ்டம்," என்றேன்.

அவள் பெயரை மட்டும் அடித்தாள். முன்னால் ஓர் எழுத்தும் இல்லாமல் அது பலகையில் பெரிதாக வந்து நின்றது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் சொன்ன பிறகும் அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.