அதே மூலையில் ஒரு ஸ்பானியப் பாடம்

"சி, சென்யோரா."

உள்காம்பராவிலிருந்து அந்தக் குரல் வந்தபோது மருதாயி குசினியில் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுகுழல் வாயிலேயே நின்றுவிட்டது.

"சி, சென்யோரா." மறுபடியும் அதே குரல். பிறகு தமிழில்: "சரிங்க அம்மா. இப்பவே வர்றேங்க அம்மா."

பெற்றவள் இங்கே அடுப்படியில் இருக்க, மகள் வேறு யாரையோ அம்மா என்று கூப்பிடுகிறாள்! விடிந்ததிலிருந்து முந்நூறு மரத்தில் பால் வெட்டிய அவளது கைகளில் ரப்பர் பால் காய்ந்து, தோலாய் உரிந்துகொண்டிருந்தது. அதைப் பிய்த்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மூன்று வாரமாக அவள் இப்படித்தான் ஒளிந்து கேட்கிறாள். மகளிடம் ஒரு வார்த்தை வாய்விட்டு விசாரிக்கவில்லை. மூத்தவளிடம் கேட்டாளே, என்ன கிடைத்தது? இனிக்க இனிக்க ஒரு பொய்தானே கிடைத்தது!

ஷாமிளாவுக்கு இருபத்தொரு வயது. குருவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான ஆறாம் நம்பர் லயத்தில் பிறந்தவள். அந்த லயத்திலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண். தினமும் இரண்டு பஸ் மாறி இரத்தினபுரிக்குப் போய்ச் சுற்றுலாத் துறை டிப்ளோமா படிக்கிறாள். அதில் ஒரு பாடம் ஸ்பானிய மொழி, ஆரம்ப நிலை.

அந்தப் பாடம் அவளைப் படுத்திய பாட்டை என்னவென்று சொல்வது! புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. வகுப்பில் விளக்கம் சிங்களத்தில் நடந்தது. அவள் இரண்டையும் விழுங்கி, கொப்பியில் ஒரு பக்கம் ஸ்பானியச் சத்தத்தைத் தமிழ் எழுத்தில் எழுதுவாள். மறுபக்கம் அர்த்தத்தைத் தமிழில் எழுதுவாள். முதல் பரீட்சையில் முப்பத்தொரு மார்க். பின்வரிசைப் பையன்கள் "வத்தே கெல்லட்ட ஸ்பானிஷ்!" என்று சிரித்தார்கள். தோட்டத்துப் பெட்டைக்கு ஸ்பானிஷாம்! அன்று பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தவள், மறுநாளிலிருந்து வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினாள்.

லயத்தில் சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. ஒரு வீட்டு இருமல் ஆறு வீட்டுக்கும் சொந்தம். பக்கத்துக் காம்பராவிலிருந்து வெள்ளையம்மா கத்துவாள்: "அடியே ஷாமி, அந்த சென்யோராவுக்கு ஒரு பிளேன்டி ஊத்திக் குடுத்து அனுப்பிட்டுப் படுடி! எங்களுக்கு விடிய வேலைக்குப் போகணும்!"

ஷாமிளாவும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் சேராத ஒரே ஆள் மருதாயி.

ஏனென்றால் அந்த லயத்தில் அந்நிய பாஷை படித்தவள் ஷாமிளாவுக்கு முன்னால் ஒருத்திதான். அவளுடைய அக்கா தவமலர். அப்பா அழகமுத்து மாணிக்கக் குழி சரிந்து செத்த வருஷம் அது. கைப்பையும் பைலுமாக, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் ஒரு நோனா ஆட்டோவில் வந்து இறங்கினாள். "மூணு மாசம் கொழும்புல ட்ரெய்னிங் மட்டுந்தாம்மா" என்றாள். தவமலர் காலில் விழுந்து கெஞ்ச, மருதாயி கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தாள். தவமலர் இதே மூலையில் உட்கார்ந்து அரபு படித்தாள்; எதற்கென்று கேட்டால், "கொழும்பு வேலைக்குத்தாம்மா" என்று சிரித்தாள். "ஐவா, மாமா" என்று ஒரு பக்கம், "சரிங்க அம்மா" என்று மறுபக்கம். பதினோராவது மாதம் குவைத்திலிருந்து பெட்டியில் வந்தாள். பெட்டியைத் திறக்கக்கூடாது என்றார்கள். இதைவிட ஒரு தாய்க்கு வேறென்ன தண்டனை வேண்டும்!

அப்போது ஷாமிளாவுக்குப் பதினொரு வயது. பெட்டி அவளுக்கு ஞாபகமிருந்தது. பாடம் ஞாபகமில்லை.

வியாழக்கிழமை நடந்த வாய்மொழிப் பரீட்சையில் அவள்தான் முதலாவதாக வந்தாள். பரிசு என்ன தெரியுமா? எம்பிலிப்பிட்டியவுக்குப் பக்கத்தில், யானை பார்க்க வரும் ஸ்பானியர்கள் தங்கும் ஒரு ஹோட்டலில் ஆறு மாதப் பயிற்சி. முடித்தால் அங்கேயே வேலை. இடம் ஒன்றே ஒன்று. பெண் பிள்ளைகள் அங்கே தங்கவேண்டியிருப்பதால் தாயோ தகப்பனோ கையொப்பமிட வேண்டும். ஞாயிறு கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சொல்லலாம் என்று ஷாமிளா அந்தச் செய்தியை இரண்டு நாளாக நெஞ்சுக்குள் சுமந்துகொண்டிருந்தாள்.

ஆனால் ஞாயிறு வரவில்லை. இந்தச் சனிக்கிழமை பகலே லயத்து முற்றத்தில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. கைப்பையும் பைலுமாக ஒரு பெண் இறங்கினாள்.

மருதாயியின் கையிலிருந்த ஊதுகுழல் கீழே விழுந்தது.

"ஷாமிளாவின்ர வீடு இதுதானே? நான் நிலக்சி, அவவின்ர டீச்சர். போன் எடுத்தன், கிடைக்கேல்ல." யாழ்ப்பாணத்துக்காரி. ஸ்பானியப் பாடம் சொல்லிக்கொடுப்பவள் அவள்தான். "ஹோட்டல்காரர் இண்டைக்கு நாலு மணிக்குள்ள போர்ம் வேணுமெண்டு நிக்கினம். இல்லாட்டி அடுத்த பிள்ளைக்குக் குடுத்திடுவினம். அம்மா, நீங்கள் இதில ஒரு சைன் வச்சால் காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

"மிஸ்!" என்று ஷாமிளா வெளியே ஓடி வந்தாள். அதற்குள் மருதாயி வாசலை மறித்து நின்றுவிட்டாள்.

"எத்தன மாசத்துக்குங்க?"

"ஆறு மாசம் ட்ரெய்னிங் மட்டுந்தான் அம்மா."

"ட்ரெய்னிங் மட்டுந்தான்!" மருதாயி சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு வெள்ளையம்மா வீட்டுக் கோழி கூடச் சிறகடித்து ஓடியது. "போன நோனா மூணு மாசம்னா. நீங்க ஆறு மாசம்ங்கிறீங்க. எந்த நாட்டுக்குங்க?"

"நாடோ? ஐயோ அம்மா, எம்பிலிப்பிட்டியாவுக்கு! பஸ்ஸில மூண்டு மணித்தியாலம். பயப்பிடாதேங்கோ."

"அப்பிடித்தாங்க மொதல்ல சொல்லுவாங்க. மூத்தவகிட்ட கொழும்புன்னாங்க."

"அம்மா, சும்மா இரும்மா! இது படிப்பும்மா. அரபு இல்லம்மா, ஸ்பானிஷ்!" ஷாமிளா அழுகையை அடக்கிக்கொண்டு கெஞ்சினாள்.

நிலக்சிக்கு ஒரு வழி தோன்றியது. பாவம், நல்ல எண்ணத்தில்தான் செய்தாள். "ஷாமிளா, நீர் வியாழக்கிழமை சொன்னதை அம்மாவுக்கு ஒருக்கா சொல்லிக் காட்டும். அர்த்தத்தையும் சொல்லும். அவவுக்கு விளங்கும்."

ஷாமிளா நிமிர்ந்து நின்றாள். முதல் மார்க் வாங்கிய பெருமை தொண்டையில் மிச்சமிருந்தது.

"பாசே, போர் ஃபவோர். உள்ளே வாங்க. கியேரே ஆக்வா? தண்ணி வேணுமாங்க? லா அபிதாசியோன் எஸ்தா லிம்பியா. அறையச் சுத்தம் பண்ணிட்டேங்க. சி, சென்யோரா. சரிங்க அம்மா, இப்பவே..."

மருதாயி உள்ளே போனாள். தகரப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. மஞ்சள் பூத்த ஒரு கொப்பியோடு வந்து மகளின் கையில் திணித்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. நீ காலேஜிக்காரி. படி!"

தவமலரின் குண்டுக் கையெழுத்து. ஒரு பக்கம் அரபுச் சத்தம், மறுபக்கம் தமிழ். ஷாமிளா தமிழ்ப் பக்கத்தைப் படித்தாள். உள்ளே வாங்க. தண்ணி வேணுமாங்க? அறையச் சுத்தம் பண்ணிட்டேங்க. சரிங்க அம்மா, இப்பவே வர்றேங்க அம்மா.

அவள் தன் கொப்பியையும் எடுத்து வந்து பக்கத்தில் விரித்தாள். ஏன் அப்படிச் செய்தாளோ! தமிழ்ப் பக்கங்கள் இரண்டும் ஒரே பக்கமாக இருந்தன. முப்பத்தொரு மார்க்கின் அவமானமும், முகத்தை மூடிக்கொண்டு வந்த பஸ் பயணமும், தொண்டை வறண்டு படித்த நாட்களும் அக்கா கடந்துபோன அதே வரியில் கொண்டுவந்து அவளை நிறுத்தியிருந்தன.

"இது வேற மிஸ், இல்லையா?" என்று கேட்டாள். குரல் சின்னப் பிள்ளையின் குரலாகிவிட்டது. "சொல்லுங்க மிஸ். இது வேறதானே?"

"வேறதான் ஷாமிளா. சத்தியமா வேற." நிலக்சியின் கண் கலங்கியது. "மூண்டு மணியாகுது. சைன் மட்டும்..."

மருதாயி தன் வலது கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடித்து மூடிக்கொண்டாள். அந்த முஷ்டியை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டாள். கோபம் போய்விட்டது, பயம் மட்டும் மிஞ்சியிருந்தது.

"இந்த வெரலால ஒருத்தியக் கொன்னுட்டேன் தங்கச்சி. இன்னொருத்தியக் கேக்காதீங்க."

ஷாமிளா இரண்டு கொப்பிகளையும் மூடினாள்.

அந்த முஷ்டியைப் பிரிக்க ஷாமிளாவால் முடியும். கெஞ்சி, மிரட்டி, காலில் விழுந்து எப்படியாவது அந்த விரலைத் தாளில் வைக்கலாம். அக்கா அப்படித்தான் வைத்தாள். அந்த நினைப்போடு அவள் அம்மாவை விட்டு ஓரடி பின்வாங்கினாள்.

"நீங்க போங்க மிஸ்," என்றாள். "அடுத்த பிள்ளைக்கே குடுத்துடுங்க."

நிலக்சி போர்மைப் பைலுக்குள் வைத்தாள். படியிறங்கித் திரும்பினாள். ஒவ்வொரு வகுப்பு முடியும்போதும் சொல்வதைப் பழக்கத்தில் சொல்லிவிட்டாள்.

"ஆஸ்தா எல் லூனேஸ், ஷாமிளா."

திங்கட்கிழமை சந்திப்போம் என்று அர்த்தம். அதற்கு மற்றவர்களை முந்திக்கொண்டு பதில் சொல்பவள் ஷாமிளாதான். உதடு பிரிந்தது. அம்மா அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஷாமிளா வாயை மூடிக்கொண்டாள். ஆட்டோ புறப்பட்டு ரப்பர் மரங்களுக்குள் மறைந்தது. அவள் பலகைக் கதவைச் சாத்தி, கொண்டியைப் போட்டாள்.