வைகாசியில் நட்ட அறுபது கன்றுகள்

இந்த ஊரில் வைகாசி மாதம் யாரும் குடையைத் தேடுவதில்லை. நான் தேடினேன். அறுபதுகளின் பிற்பகுதியில் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த முதல் வருஷம், கும்மிடிப்பூண்டிக் குடிசையில் மூட்டைகளையெல்லாம் கலைத்துக் குடையை எடுத்து வாசலில் மாட்டினேன். என் மனைவி ராஜம் குடையைப் பார்த்தாள், வெளியே கொளுத்துகிற வெயிலையும் பார்த்தாள். அங்கேயே தங்கிவிட்ட நண்பர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும். வைகாசி பிறந்தால் மழை கொட்டும் என்பது நம் உடம்பில் ஊறிப்போன சங்கதி அல்லவா?

ரங்கூன் ஏரிக்கரையில் இருபது வருஷம் மரம் வளர்த்தவன் நான். அங்கே மழைக்குப் பத்து நாள் முன்னால் தூங்குமூஞ்சிக் கன்றை நட்டுவிட்டுக் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளலாம். மிச்சத்தை வானம் பார்த்துக்கொள்ளும். அந்த அனுபவத்தை நம்பித்தான் சென்னைப் பட்டணத்துச் சாலைகளில் மரம் நடும் கான்ட்ராக்டராகப் பெயர் பதியப் போனேன். என் பர்மியச் சான்றிதழை அதிகாரி தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "என்னய்யா இது, ஜிலேபி ஜிலேபியா எழுதியிருக்கு? இதை வச்சு நான் என்ன பண்றது?" என்றார். பிறகு மனமிரங்கி ஒரு வழி சொன்னார். கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகளுக்காகப் போட்ட புதுச் சாலையில் அறுபது கன்று நட வேண்டும். புரட்டாசியில் வந்து பார்ப்பார். நாற்பது கன்றாவது உயிரோடு இருந்தால் பெயர் பதிவாகும்.

வைகாசி முதல் வாரமே நட்டுவிட்டேன். குழி வெட்ட வந்த தேசம்மாள், பழவேற்காட்டுப் பக்கத்து மீனவப் பெண், மண்வெட்டியைப் போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாண்ணா, கத்திரி வெயில்ல கன்னு வெக்கிறே? ஐப்பசி வரங்காட்டியும் பொறுக்கக் கூடாதா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இருபது வருஷம் மரம் வளர்த்தவன் நான். நீ குழியை வெட்டு" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே வெட்டினாள். அந்தச் சிரிப்பு கேலி என்று நினைத்தேன். பரிதாபம் என்பது பிறகுதான் விளங்கியது.

மழை வரவில்லை. ஆனியில் இலை கருகியது, ஆடிக் காற்றில் உதிர்ந்தது. எப்போதாவது சாயங்காலம் வானம் இடித்து நாலு தூறல் போட்டு ஏமாற்றும். நானும் தேசம்மாளும் குளத்திலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினோம். திட்டு வாங்கியவள் ஏன் கூட வந்து சுமந்தாள் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. ஆவணி முடிவதற்குள் அறுபதும் குச்சிகளாகிவிட்டன. பிழைப்புக்கு ஒரு தொழிற்சாலை வாசலில் வாட்ச்மேன் வேலை பேசிவிட்டேன், காக்கிச் சட்டையும் தைத்து வந்துவிட்டது. ராஜம் அதை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தாள். மேலே வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

சொன்னபடி புரட்டாசியில் அதிகாரி வந்தார். ஜீப்பைவிட்டு இறங்கவேயில்லை. "எல்லாம் செத்துப்போச்சேய்யா, எழுதிடட்டுமா?" என்றார். பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தால் உயிர் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அது தெரியாதவனா நான்? ஒரு மாதமாக அந்தத் தைரியம்தான் வரவில்லை. சரி என்று தலையாட்டப் போனேன்.

"இரு சார்!" என்று தேசம்மாள் ஓடிப்போய் ஒரு குச்சியைக் கீறினாள். "இத்த வந்து பாரு. உள்ள பச்சையாக் கீது."

அதிகாரி இறங்கினார். அறுபதையும் அவரே கீறினார். நான் கூடவே எண்ணிக்கொண்டு நடந்தேன். நாற்பத்து மூன்றில் பச்சை. ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை. "பச்சை போதாதுய்யா. ஐப்பசி முடியட்டும், இலையைக் காட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐப்பசியில் வந்தது பாருங்கள் மழை! கிழக்கே, கடல் பக்கமிருந்து, மூன்று நாள் விடாமல் கொட்டியது. நான்காம் நாள் காலை சாலைக்குப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். செத்ததாக நினைத்த குச்சிகளின் கணுக்களிலெல்லாம் பச்சை மொட்டு. இந்த மண்ணின் மாதக் கணக்கை எனக்கு முன்பே இந்தக் கன்றுகள் கற்றுக்கொண்டு, மூச்சை அடக்கிக் காத்திருந்திருக்கின்றன. மனிதன் என்ன பெரிய வித்தை தெரிந்தவன்! சேற்றில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அந்த மாதக் கடைசியில் என் பெயர் பதிவானது. காக்கிச் சட்டையை ராஜம் கரித்துணியாகக் கிழித்துப் போட்டாள்.

இப்போது எழுபதுகள் பாதி கடந்துவிட்டன. பட்டணத்தில் எத்தனையோ சாலைகளில் நட்டுவிட்டேன், எல்லாம் ஐப்பசியில்தான். அந்த நாற்பத்து மூன்றும் கும்மிடிப்பூண்டியில் லாரிக்காரர்களுக்கு நிழல் தருகின்றன. ஆனால் வைகாசி பிறந்தால் என் கை தானாகக் குடையை எடுத்துவிடுகிறது. போன வாரமும் அதை விரித்துக்கொண்டு அந்த மரங்களின் கீழே கிழக்கே பார்த்து நின்றேன். இங்கே தரை தொடாத மேகமெல்லாம் இந்த மாதம் கடலைத் தாண்டி ரங்கூன் பக்கம்தான் போகிறது.

கூடையோடு வந்த தேசம்மாள் நின்றாள். "மானம் வெள்ளையாக் கீது. கொடை எதுக்குண்ணா?"

"அங்கே பெய்யுதும்மா" என்றேன்.