ம-வில் நின்ற ராஜா

டப்பிங் கூடத்தில் அந்த ஒலிப்பதிவாளருக்கு வைத்திருந்த பெயர் மௌனச் சாமியார். பதினைந்து வருஷமாகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து விரலாலேயே வேலையை ஓட்டியவர். கட்டைவிரலைத் தூக்கினால் சரி, ஆள்காட்டி விரலைச் சுழற்றினால் இன்னொரு தடவை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று கேலி செய்தார்கள். அவருக்குத் திக்குவாய் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. ம-தான் பரம எதிரி. மாமனாரைக்கூட இதுவரை மாமா என்று கூப்பிட்டதில்லை; "வாங்க" என்று சிரித்தே சமாளித்துவிடுவார். மாப்பிள்ளைக்குத் தலைக்கனம் என்று அந்த மனிதர் இன்றைக்கும் பொருமிக்கொண்டிருக்கிறார்.

அப்படிப்பட்டவரிடம்தான் அந்த வேற்றுமொழிச் சரித்திரப் படம் வந்து சேர்ந்தது. திக்குவாய் ராஜா ஒருவன் முதன்முதலாகச் சபையில் பேச வேண்டும். திரையில் பேச்சின் தொடக்கத்தில் அவன் உதடு மூடியிருந்ததால், அதற்குப் பொருந்த வசனம் எழுதியவர் "மக்களே" என்று போட்டிருந்தார். குரல் கொடுக்க வந்தவருக்குக் கணீர்க் குரல். "ம-ம-ம-மக்களே" என்று அவர் தந்தியடிக்க, ஒலிப்பதிவாளருக்குப் பின்னால் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஒலிப்பதிவாளருக்குச் சுருக்கென்றது. நாளைக்குத் தியேட்டரே இப்படித்தான் சிரிக்கும். சொன்னால் தன் குட்டு உடையும். சொல்லாவிட்டால் ராஜா கோமாளியாவான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேசும் பொத்தான் வரை மூன்று முறை போய்த் திரும்பிய விரல், நான்காவது முறை அழுத்திவிட்டது.

"அது அப்படி இல்லைங்க. அந்த எழுத்து..." உதடு ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. சிரித்தவர்கள் கப்சிப். "...ம. அது திரும்பத் திரும்ப வராது. வரவே வராது. உள்ளேயே நின்னுடும்."

குரல்காரர் கண்ணாடியருகே வந்தார். "அண்ணே, அப்போ நாக்கு எங்கே இருக்கும்?"

சின்ன வயதில் பாவம் என்றவர்கள் உண்டு, மெதுவாகப் பேசு என்றவர்கள் உண்டு. நாக்கு எங்கே இருக்கும் என்று கேட்டவர் ஒருவருமில்லை. அவருக்கே தெரியவில்லை. வாயை மூடிப் பார்த்தார்.

"சும்மா படுத்திருக்குதுங்க," என்றார் ஆச்சரியமாக. "உதடுதான் பூட்டிக்குது. காத்து பின்னாலேருந்து தள்ளிக்கிட்டே இருக்குது." மூச்சு என்பதைச் சாமர்த்தியமாகக் காத்து என்று மாற்றியிருந்தார்.

அடுத்த டேக்கில் ராஜா வாய் பூட்டி நின்றான். சிரிப்பே எழவில்லை. கடைசியில் சொல் வந்து விழுந்தது.

"சரியா இருக்கா அண்ணே?"

திரையில் ராஜாவின் உதடு, குரலுக்கு அரை விநாடி முன்னாலேயே திறந்துவிட்டது. விரலைச் சுழற்றினால் போதும். அவர் பொத்தானை அழுத்தினார்.

"ம..."

குரல்காரர் காத்திருந்தார்.

"...மறுபடியும்."